கனம் தூக்கக் கூடாது

போன வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக் கடையில் தலைவலித் தைலம் வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இளைஞன் ஒருவன், ஏதோ சோப்பு கேட்கிற மாதிரி, "அண்ணே, வைஃபுக்கு டெலிவரி ஆயிருக்கு. பெரிய சைஸ் பேடு ரெண்டு பாக்கெட் தாங்க. ஒரு பஞ்சு ரோலும்" என்றான். கடைக்காரரும் எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். அவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வெயிலில் இறங்கி, ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். எனக்கு என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

நான் பஞ்சு ரோல் வாங்கிய காலத்தில் அது அப்படி வெளியே வராது. முதலில் பத்திரிகைத் தாள், அதன்மேல் நூல், அதற்குமேல் கறுப்பு கவர். கடைக்காரர் சுற்றுகிற சுற்றைப் பார்த்தால் உள்ளே கள்ளச் சாராயம் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் பஞ்சோடு சுற்றியிருக்கும் நீலத் தாளிலிருந்து ஒரு வாசனை வரும். உலர்ந்த, மரத்தூள் மாதிரியான வாசனை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாசனைக்கு என் தொடைகள் இறுகிக்கொள்கின்றன. சிரிக்காதீர்கள். உண்மையாகவே அப்படித்தான். ஏனென்றால் நான் அந்தப் பஞ்சை வாங்கியது மாதவிலக்குக்கு அல்ல. மூத்திரத்துக்கு.

என் மகள் ஆயுதக் கேஸ். அதாவது தலை இறங்காமல், ஆயுதம் போட்டு எடுத்த குழந்தை. வலி கண்டு ஒரு பகலும் இரவும் போனபிறகு, பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கிற ஒரு நிலையில் கிடந்தேன். டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தையல் கொஞ்சம் கூடுதல், பரவாயில்ல" என்று யாரிடமோ சொன்னார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. குழந்தை அழுதது, எல்லோரும் அதன் பக்கம் திரும்பிவிட்டார்கள். நானும்தான்.

தக்கலைக்குப் பக்கத்தில் அம்மா வீடு. பிள்ளை பெற்ற குளிப்பு முடியும்வரை அங்கேதான் இருந்தேன். இலைகளும் பட்டையும் போட்டுக் கொதிக்கவைத்த வேது வெள்ளத்தை அம்மா செம்பு செம்பாக இடுப்பில் வீசி ஊற்றுவாள். பிறகு பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். வந்துபோகிற பெண்கள் எல்லோரும் வயிறு வற்றியதா, பால் இறங்கியதா, பிள்ளை எடை போட்டதா என்று விசாரித்தார்கள். வயிற்றுக்குக் கீழே எனக்கு உடம்பே இல்லாத மாதிரி. அங்கேதான் எல்லாம் நடந்திருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் அடுக்களையில் மிளகாய் வறுத்த நெடி வந்து தும்மினேன். கால் வழியே சூடாக இறங்கியது. ஒரு நிமிஷம் எதுவும் புரியாமல் நின்றேன். அம்மாவிடம் சொன்னேன்.

"பிள்ள பெத்தவளுக்கு அப்படித்தாம் இருக்கும். சரியாயிரும்," என்றாள்.

"உனக்கும் இருந்தாம்மா?"

அம்மா சட்டியை இறக்கிவைத்துவிட்டு, "பிள்ள அழுவுது பாரு. போய்ப் பாலு குடு" என்றாள். பிள்ளை அழவில்லை. அம்மா ஏன் கல்யாண வீடுகளில் எப்போதும் வாசல் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்கிறாள், ஏன் வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போகலாம் என்றால் தலைவலி வருகிறது என்கிறாள் என்பதெல்லாம் அந்த அடுக்களையில் நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் சரியாகவில்லை.

எனக்கு அப்போது இரண்டு சோலி. பகலில் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் சோப்ரானோ, பெண்களின் உச்சக்குரல். முதல் சோலி சம்பளத்துக்கு. இரண்டாவதுக்காகத்தான் நான் உயிரோடு இருப்பதாக அந்த வயதில் நினைத்திருந்தேன். கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. கடைசி அடியில் மேலே போகிற இடத்தில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள், நான் மட்டும் போவேன். பின் பெஞ்சில் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிரசவம் கழிந்து முதல் கிறிஸ்மஸுக்கான பயிற்சியில் அந்த மேல் இடம் வந்தது. அடிவயிற்றிலிருந்து மூச்சை எடுத்துப் பாட வேண்டும் என்றுதான் எங்கள் மாஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார். எடுத்தேன். சுரம் மேலே போனது, மற்றது கீழே போனது. பஞ்சு தாங்கவில்லை. நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரும் போகும்வரை கம்மல் தொலைந்துவிட்டது என்று தேடிக்கொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் கூடவே குனிந்து தேட வந்ததுதான் பெரிய சோதனை. அவர்களையும் அனுப்பிவிட்டு, முந்தானையால் பெஞ்சைத் துடைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். குழந்தை நனைத்துவிட்டது என்று வழியில் கேட்டவர்களிடம் சொன்னேன். பாவம், அது நனையாத சுத்தமான துணியோடு என் தோளில் கிடந்தது.

அத்தோடு குழுவிலிருந்து நின்றேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன். மாஸ்டர் மிளகும் கல்கண்டும் கொடுத்தனுப்பினார். ஒருவர் தேன் கொண்டுவந்தார், இன்னொருவர் ஆடாதோடை இலை. என் தொண்டைக்கு அந்த வருஷம் வந்த மருந்துகளை வைத்து ஒரு கடையே போட்டிருக்கலாம். தொண்டை மட்டும் நன்றாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். கூடத்தில் போன், சுற்றிலும் ஆட்கள். இதையெல்லாம் அதில் எப்படிச் சொல்வது? லீவில் வந்தபோது நான் தள்ளித் தள்ளிப் படுத்தேன். வலியும் இருந்தது, வாசனை வந்துவிடுமோ என்ற பயம் அதைவிட இருந்தது. "எங்கிட்ட ஏதாவது கோவமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் லீவு முடியுமுன்னே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

லில்லி அக்கா வராவிட்டால் நானும் அம்மாவைப் போல வாசல் பக்கத்து நாற்காலி தேடிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பேன். லில்லி அக்கா என் பெரியம்மா மகள், குவைத்தில் நர்ஸ். லீவில் வந்தவள், வழக்கம்போல அங்கிருக்கும் ஆட்களைப் போல நடித்துக்காட்டி எங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு தனியாகக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், "ஏட்டி, சிரிக்கும்போ நீ ஏன் காலப் பின்னிக்கிடுக?" என்றாள். நான் அழ ஆரம்பித்தேன். அழுது முடியும்வரை அவள் கூடவே நின்றாள். "இதுக்குன்னே எங்க ஆஸ்பத்திரியில தனியா ஆளு உண்டு, பாத்துக்க. கால் ஒடிஞ்சா பயிற்சி செய்யோம்லா, அதுபோலத்தாம். நீ என்னத்துக்கு அழுக?"

அப்படித்தான் நாகர்கோவிலில் ஒரு மாடியில் இருந்த பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். மூட்டுவலிக்காரர்கள் வருகிற இடத்தை ஏன் மாடியில் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஏறிவருபவர்களுக்குப் பாதி வைத்தியம் படியிலேயே முடிந்துவிடும் போல. உள்ளே நுழைந்தால் ரப்பர் பாய்களின் வாசனை. பக்கவாதம் வந்தவர்கள் கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருப்பார்கள். மூலையில் பச்சைத் திரை போட்ட ஒரு சின்ன இடம் எங்களுக்கு. பிசியோ மேடம் இளம்பெண், குரல் எழும்பாது. "இடுப்புக்கு அடியில தொட்டில் சேலை மாதிரி தசை இருக்கு. அது மேலதான் மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாம் இருக்கு. பிரசவத்துல அது இழுபட்டு, கிழிஞ்சு, இளகிப்போச்சு. அதத் திரும்ப இறுக்கணும்" என்றார். மூத்திரத்தை அடக்குவதுபோல உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது, பிறகு பைய விட வேண்டும். கேட்க இவ்வளவுதான். முதல் நாள் நான் இழுத்ததெல்லாம் புருவத்தைத்தான். அந்த இடத்துக்குச் சொன்னால் கேட்கிற மாதிரி ஒன்றும் அங்கே இருக்கவில்லை.

பக்கத்துப் பாயில் ஒரு பெண் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "நாத்தம் அடிக்குதா? குளிச்சிட்டுத்தாம் வந்தேன்" என்பது.

மீன் வாசனை லேசாக இருந்தது. "இல்ல," என்றேன். "எங்கிட்டதாம் அடிக்கும். அது வேற நாத்தம்."

அவள் திரும்பி என்னை முழுதாகப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள்தான் செலின். கடியப்பட்டணத்துக்காரி. கடற்கரையில் மீன் எடுத்து, அலுமினியச் சருவத்தில் நிறைத்துத் தலையில் வைத்து, பஸ்ஸில் ஏறி உள்ளூர்களில் வீடு வீடாக விற்பவள். மூன்றாவது பிள்ளை பிறந்து பச்சை உடம்பு மாறுமுன்னே சருவம் எடுத்திருக்கிறாள். "ஒரு நாளு நடந்துட்டே இருக்கும்போ, உள்ள இருந்து முட்ட மாதிரி என்னவோ கீழ வந்து முட்டுது டீச்சரே. நான் நின்னுட்டேன். கையால உள்ள தள்ளிட்டு மீன் வித்தேன். வேற என்ன செய்ய?" கர்ப்பப்பை இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் பயிற்சி செய்து பார்க்கலாம் என்று பெண் டாக்டர் அனுப்பியிருந்தார்.

பயிற்சி முடிந்து இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றாகப் போவோம். டவுன் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் செலின் முன்னால் பார்த்துக்கொண்டே, "டிரைவர் பிரேக்குப் போட்டா பிடிக்கணும், வண்டி எடுத்தா விடணும், கேட்டியளா" என்பாள். நாகர்கோவில் நெரிசலில் அந்த வண்டி அடிக்கடி பிரேக் போடும். நாங்கள் இரண்டு பேரும் ஜெபம் செய்கிறவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு பிடிப்போம், விடுவோம். ஒருமுறை கண்டக்டர் வந்து, "எங்க எறங்கணும்?" என்று கேட்டார். அவள், "எறங்கினதத்தாம் ஏத்திட்டு இருக்கோம்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்குமே நனைந்துவிட்டது. அது தெரிந்ததும் இன்னும் சிரித்தோம். பிள்ளை பெற்ற பிறகு காலைப் பின்னாமல் நான் சிரித்தது அன்றுதான்.

மேடம் ஒவ்வொரு முறையும் செலினிடம் ஒன்றைச் சொல்வார். "கனம் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணிகூட வேண்டாம். தூக்கினா இங்க செய்யதெல்லாம் வீண்." செலின் தலையாட்டுவாள். படியிறங்கும்போது என்னிடம், "சருவத்தக் கழுத்துக்குமேலதான வைக்கேன், அதுக்கும் இடுப்புக்கும் என்ன?" என்பாள். சொல்லிவிட்டு அவளே ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்குவாள்.

மழைக்காலம் முடிந்த சமயம். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் சாக்பீஸ் தூசியில் தும்மினேன். தும்மிவிட்டு அப்படியே நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்க்கின்றன. நான் இன்னொரு தும்மல் வருமா என்று காத்திருக்கிறேன். இந்தச் செய்தியை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த முறையும் அதற்கடுத்த முறையும் திரைக்குப் பின்னால் பக்கத்துப் பாய் காலியாகவே இருந்தது.

கடியப்பட்டணத்துக்குப் போனேன். கலங்கரை விளக்கத்தைப் பார்த்து நடந்து, விசாரித்து, கடற்கரைக்கே போய்விட்டேன். வள்ளங்கள் கரையேறியிருந்தன. ஏலம் போடுகிற கூட்டத்திலிருந்து செலின் சருவத்தோடு வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். சருவத்தை இறக்க நான் கை கொடுத்தேன், எனக்கு மூச்சு முட்டியது. இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்தோம். அவளுடைய மாப்பிள்ளையின் வலது கை வள்ளத்துக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கி நசுங்கிவிட்டதாம். இனி வலை பிடிக்க முடியாது.

"மேடத்துக்கிட்ட சொல்லாதீங்க," என்றாள். "அவிய நல்லவிய. சங்கடப்படுவாவ."

"பயிற்சியாவது வீட்ல செய்யியா?"

"படுத்தாத்தான டீச்சரே." சற்றுக் கழித்து, "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்றாள்.

தும்மல் கதையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "கொள்ளாம்," என்றாள். "நம்மள்ல ஒருத்திக்காவது நின்னுட்டே." பிறகு என் உதவியோடு சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். ஒரு கை மேலே, ஒரு கை அடிவயிற்றில்.

அந்த வருஷமே அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது கட்டிலில் வெளுத்துக் கிடந்தாள், ஆனாலும் தெளிச்சலாக இருந்தாள். "எறங்க இனி உள்ள ஒண்ணும் இல்ல," என்றாள். அது உண்மையில்லை என்று எனக்கும் தெரியாது. கர்ப்பப்பை போனாலும் மூத்திரப்பை இருக்கிறது, குடல் இருக்கிறது, தாங்குகிற தசை அதே கிழிந்த தசைதான். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அதற்குள் நான் என் வீட்டுக்காரருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தேன். அவர், "இத முன்னாலயே சொல்லியிருக்கலாமே பிள்ள" என்று போனில் சொன்னார். என்னையும் மகளையும் மஸ்கட்டுக்கு அழைத்துக்கொண்டார். நல்ல வருஷங்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இடையில் போன நாட்களின் கூச்சம் எங்களுக்கிடையில் கடைசிவரை ஒரு தலையணை மாதிரி கிடந்தது. மஸ்கட்டிலும் ஒரு தமிழ்ச் சபை இருந்தது. பாட அழைத்தார்கள். பயிற்சிக்குப் போய் நின்று மேல் இடம் வரும்போது வாயை மட்டும் அசைத்தேன். நனையாது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தும் தொண்டை திறக்கவில்லை. எல்லோரிடமும் சொன்ன பொய் மெய்யாகிவிட்டது.

ஊருக்குத் திரும்பிவந்தபோது தெருவில் சருவக்காரிகள் யாரும் இல்லை. காலையில் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டி கட்டிய ஆண்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் கடியப்பட்டணம் என்றார். செலினைத் தெரியுமா என்று கேட்டேன்.

அவர் அயிலையை வெட்டிக்கொண்டே, "எந்தச் செலினு? கை ஒடிஞ்சவனுக்க பெண்டாட்டியா? அது மரிச்சு எத்தன வருசமாச்சு டீச்சரே" என்றார். "கிட்னின்னு சொன்னாவ."

மீனை அப்படியே அடுக்களையில் வைத்துவிட்டு மறுபடியும் கடியப்பட்டணத்துக்குப் போனேன். கடற்கரை இருந்த இடத்தில் கருங்கல் குவித்த சுவர் நின்றது. மணலைக் கடல் எடுத்துவிட்டதாம். வீட்டில் செலினின் இரண்டாவது மகள் இருந்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், மாசம் நிறைந்த வயிறு. நான் யாரென்று சொன்னதும் நாற்காலி போட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகும் அம்மா கொஞ்ச காலம் மீன் விற்றதாகவும், பிறகு மறுபடியும் அந்த நோவு வந்ததாகவும், மூத்திரம் சரியாகப் போகாமல் அடிக்கடி காய்ச்சல் வந்ததாகவும், கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்திவிட்டு உள்அறையிலேயே இருந்ததாகவும் சொன்னாள். கடைசியில் கிட்னி இரண்டும் கெட்டுவிட்டது.

"அதுக்கு முன்னால என்ன நோவுன்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்ல. அம்மையும் சொல்லல்ல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முட்டை மாதிரி இறங்கியதை, கையால் உள்ளே தள்ளிவிட்டு நடந்ததை, மாடியில் இருந்த பச்சைத் திரையை, மேடம் சொன்னதை. தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கிறவளிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். என்னிடம் யாரும் சொல்லாததை நினைத்துச் சொன்னேன்.

அவள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "அம்ம எங்களத் தூக்காது டீச்சரே," என்றாள். "இங்க எல்லாப் பிள்ளயளையும் அம்மமாரு இடுப்புல வச்சிட்டுத் திரிவாவ. நான் கைய நீட்டிட்டு நிப்பேன். அம்ம பாத்துட்டு அந்தால போயிரும். அவ்வளவு பெரிய சருவத்தத் தூக்குது, என்னத் தூக்காதான்னு நெனப்பேன். எம்மேல பிரியமில்லன்னு நெனச்சேன். அம்ம சாவும்போதும் அப்படித்தாம் நெனச்சிருந்தேன்."

சருவத்தை அவளால் விட முடிந்திருக்காது. அதற்குப் பதிலாக எதை விட முடியுமோ அதை, பிள்ளைகளைத் தூக்குவதை, விட்டிருக்கிறாள். பஸ்ஸில் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னவள், அதை மட்டும் சொன்னதில்லை.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள் அந்தப் பெண். பிறகு, "அப்பம் அம்மைக்கு என்னத் தூக்கணும்னு இருந்திருக்கும், இல்லியா டீச்சரே?"

"இருந்திருக்கும்," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. சொல்ல வேண்டியவள் இல்லாமல் போய்விட்டாள்.